கிழமைக்கு ஒன்று

அத்தியாயம் பதினான்கு

மொத்தம் பன்னிரண்டு மாத்திரை. வாரத்துக்கு ஒன்று வீதம் பன்னிரண்டு வாரத்துக்கு வர வேண்டியவை. பதினோராம் நாளே இரண்டுதான் மிச்சம் இருந்தன.

நேற்று மத்தியானம், மருந்துக்கடையில் வேலையாக இருந்தபோது, மருமகளுக்கு இது போனில் தெரிந்தது. மாமனார் சாதாரணமாகத்தான் கூப்பிட்டார். அத்தையின் மூட்டு வலி மாத்திரை நாளையோடு தீருகிறது, இன்னொரு அட்டை எடுத்து வை, சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். மருமகள் கையிலிருந்த இருமல் மருந்துப் பாட்டிலை அப்படியே வைத்துவிட்டு வண்டி பிடித்து ஓடினாள். அங்கே மாமியார் குளியலறை நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தார். வாயெல்லாம் புண். ஈறில் ரத்தம். ஆறு மணிக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று.

இன்று காலை எட்டரை மணி.

நாலாவது மாடியில் தனி அறை, கண்ணாடிக் கதவு. உள்ளே போகிறவர்கள் மாஸ்க், மேலங்கி, கையுறை எல்லாம் மாட்டிக்கொள்ள வேண்டும். ஒரு தடவைக்கு ஒருவர்தான், அதுவும் பத்து நிமிடம்தான். மற்ற நேரமெல்லாம் நடைபாதையில், மூன்று இரும்பு நாற்காலிகளை ஒன்றாகப் பற்றவைத்த வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு ஓரத்தில் மாமனார், மறு ஓரத்தில் மருமகள். நடு நாற்காலியில் துணிப்பை.

டாக்டர் வந்தார். சின்ன வயசு அம்மாள்தான், ஆனால் பேச்சு கணக்காக இருந்தது.

"வெள்ளை அணு நேத்து ரெண்டாயிரத்து நூறு. இன்னிக்குக் காலைல ஆயிரத்து நானூறு. குறைஞ்சது நாலாயிரம் இருக்கணும்."

"மாத்திரையைத்தான் நேத்தே நிறுத்தியாச்சே டாக்டர்," என்றார் மாமனார்.

"நிறுத்தியாச்சுங்க. ஆனா உள்ள போனது அதோட வேலையைச் செஞ்சுக்கிட்டேதான் இருக்கும். மாற்று ஊசி ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை போட்டுட்டு இருக்கோம். கிருமி அண்டாம இருக்கவும் மருந்து போகுது. இன்னும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்."

"எவ்வளவு இறங்கும்?"

"அது சொல்ல முடியாது. ஐநூறுக்குக் கீழ போகாம நின்னுட்டா நல்லது. போயிடுச்சுன்னா சாதாரணச் சளிகூட அவங்களுக்கு ஆபத்து. சாயங்காலம் ஆறு மணிக்கு அடுத்த ரிப்போர்ட் வரும்."

மாமனார் தலையாட்டினார். தண்ணீர் வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவர். தெருவில் இன்றைக்கும் அவருக்கு மீட்டர்க்காரர் என்றுதான் பெயர். முள் எந்த எண்ணில் நிற்கிறதோ அதை அப்படியே எழுதுவார். கூட ஒன்று போடச் சொல்லி யாரும் அவரை அசைத்ததில்லை, ஒன்று குறைக்கச் சொல்லியும் அசைத்ததில்லை. எண்கள் அவருக்குப் புதிதல்ல. ஆனால் எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடக்கூடிய எண்களாகவே அவையெல்லாம் இருந்தன.

நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

காத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

பிறகு, தினமும் போடச் சொல்லி யார் சொன்னார்கள் என்று விசாரித்தார். மருந்துக் கவரில் இருந்தபடிதான் கொடுத்தேன் என்று மாமனார் தரையைப் பார்த்துச் சொன்னார். கவர் இருக்கிறதா என்றதற்கு, வீட்டில் தேட வேண்டும் என்றார். அது பொய். கவர் அவருடைய சட்டைப் பையிலேயே நாலாக மடிந்து கிடந்தது. அதில் இருப்பது மருமகளின் கையெழுத்து. அதை எடுத்து ஒரு மூன்றாம் மனுஷியிடம் நீட்ட அவருக்கு மனசு வரவில்லை.

டாக்டர் மருமகள் பக்கம் திரும்பினார். "நீங்க மருந்தாளர்தானே? வாய்ப்புண்ணுன்னு சொன்னப்பவே உங்களுக்குச் சந்தேகம் வரலையா?"

நாலு நாள் முன்னால் அத்தை போனில் பேசினார். பேச்சு வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தது. பல் செட்டு உரசி வாய் புண்ணாகிவிட்டது, பேச முடியவில்லை, உன் மாமனாருக்கு நல்ல காலம் என்று சிரித்தார். மருமகள், புண்ணில் தடவ ஒரு களிம்பின் பெயரைச் சொன்னாள். கடையில் கூட்டம். அந்தப் பேச்சு ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை.

முன்பின் தெரியாத ஒருவர் வந்து, இந்த மாத்திரை சாப்பிடுகிறேன், வாயில் புண் என்று சொல்லியிருந்தால் அவள் அங்கேயே நிறுத்தி நாலு கேள்வி கேட்டிருப்பாள். சொன்னது அத்தை. பல் செட்டு என்று காரணத்தையும் அத்தையே சொல்லிவிட்டார்.

டாக்டர் போய்விட்டார். பையை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் மறுபடி உட்கார்ந்தார்கள்.

இருவர் மனசிலும் ஒரே மாதிரி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தினமும் என்று இந்தப் பெண் கை தவறி எழுதிவிட்டாள் என்று மாமனார் நினைத்தார். வேலை நெருக்கடி, பாவம், என்றும் நினைத்தார். மருமகளுக்கோ, தான் வாரத்துக்கு ஒன்று என்றுதான் எழுதினோம் என்பதில் துளி சந்தேகம் இல்லை. டாக்டர் சீட்டை அவள் இரண்டு தடவை பார்த்தவள். மாமாதான் மற்ற மாத்திரைகளோடு சேர்த்துத் தப்பாகக் கொடுத்துவிட்டார், கண் முன்போல் இல்லை, வயசாகிறது, என்று நினைத்தாள். ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு இருவரும் வாயைத் திறக்கவில்லை.

பதினோரு மணிக்கு அவள் புருஷன் கூப்பிட்டான். லிஃப்ட் மெக்கானிக். எட்டு மாடிக் கட்டிடம் ஒன்றில் லிஃப்ட்டைப் பாதி கழற்றிப் போட்டிருந்ததால் சாயங்காலம் வரை இறங்க முடியாது. அம்மா எப்படி என்று கேட்டான். பிறகு குரலைத் தாழ்த்தி, எழுதினது யார் என்று ஆஸ்பத்திரியில் கேட்டால் கடை என்று மட்டும் சொல்லு, உன்னை நீயே இழுத்துவிட்டுக்கொள்ளாதே என்றான்.

"நான் சரியாத்தாங்க எழுதினேன்," என்றாள் மருமகள்.

"அப்ப அப்பாவா?"

சாயங்காலம் வாங்க, பேசிக்கலாம் என்று அவள் போனை வைத்துவிட்டாள். மாமனார் காதில் விழும் தூரத்தில் இருந்தார்.

மாமியார் அந்தக் காலத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர். முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு லைன் போட்டுக் கொடுத்த வாய். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வாய்க்கு ஓய்வு இல்லை. வீட்டில் எல்லாருக்கும் பட்டப்பெயர் வைத்தவரும் அவர்தான். குள்ளமான மருமகளுக்கு மாத்திரை என்று பெயர். பார்க்க இத்தனூண்டு, முழுங்கத்தான் முடியாது என்று பெண் பார்த்துவிட்டு வந்த அன்றே சொன்னாராம். அதை மருமகளிடம் சொன்னதும் அவரேதான்.

பன்னிரண்டு மணிக்கு மருமகளின் முறை. மாஸ்க், மேலங்கி, கையுறை. உள்ளே குளிர். உதடுகள் வெடித்துக் கறுத்திருந்தன. விரல் மூட்டுகளில் மட்டும் வீக்கம் நன்றாக வடிந்திருந்தது. மாத்திரை கேட்ட வேலையைச் செய்துதான் இருக்கிறது.

மாமியார் கண் திறந்து பார்த்தார். ஆள் யார் என்று பிடிபட்டதும் புருவம் லேசாக ஏறியது. சிரிப்பதாக அர்த்தம். சிரித்தால் உதடு கிழியும்.

"பேசாதீங்க அத்தை."

பேசாமல் இருக்கிறவரா அவர். நாக்கை அசைக்காமல், தொண்டையிலிருந்து மட்டும் வார்த்தையைத் தள்ளினார். முதல் தடவை புரியவில்லை. மருமகள் குனிந்தாள்.

"என்ன கிழமை... இன்னிக்கு?"

"வியாழக்கிழமை அத்தை."

சொன்ன பிறகுதான் அவள் காதில் அது விழுந்தது.

கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னால் நடந்தது ஒன்று நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு எப்போது வருகிறீர்கள் என்று மாமியார் போனில் கேட்டபோது, அடுத்த கிழமை வருகிறோம் என்று இவள் சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் என்று நினைத்துத்தான் சொன்னாள். மாமியார் மறுநாளே ஆறு பேருக்குச் சமைத்து வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை வாசலைப் பார்த்திருக்கிறார். இவள் பிறந்து வளர்ந்த பக்கத்தில் கிழமை என்றால் வாரம். இந்த வீட்டில் கிழமை என்றால் நாள். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே அவள் வீட்டிலும் கடையிலும் வாரம், வாரம் என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

வாய் பழகிவிட்டது. கை பழகவில்லை.

வெளியே வந்து மேலங்கியைக் கழற்றக்கூட இல்லை. "மாமா, அந்தக் கவர் உங்ககிட்டதானே இருக்கு?"

"அது இப்ப எதுக்கும்மா. விடு. யாருக்குத்தான் கை தவறல."

"பார்க்கணும் மாமா."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பழுப்புக் காகிதக் கவர். மாத்திரை வாங்கிய அன்றைக்குக் கடையில் லேபிள் அச்சடிக்கும் மிஷினில் காகிதச் சுருள் தீர்ந்துபோயிருந்தது. புதுச் சுருள் வர மூன்று நாள் ஆனது. மிஷின் என்றால் 'வாரத்துக்கு ஒன்று, செவ்வாய் மட்டும்' என்று எந்த நாள் என்பதையும் சேர்த்தே அடித்துக் கொடுத்துவிடும். மிஷின் இல்லாததால் அவள் பேனாவை எடுத்தாள். நீல மையில், உருண்டை உருண்டையாக, தெளிவாக எழுதியிருந்தாள். கிழமைக்கு ஒன்று. இரவு சாப்பாட்டுக்குப் பின்.

"இதைப் படிங்க மாமா."

"கிழமைக்கு ஒண்ணு."

"அப்படின்னா?"

"அப்படின்னா என்ன, கிழமைக்கு ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமை ஒண்ணு, திங்கக்கிழமை ஒண்ணு. மாத்திரைப் பெட்டியிலயும் ஏழு அறை, ஏழு கிழமை. அறைக்கு ஒண்ணு போட்டேன். இதுல என்னம்மா குழப்பம்?"

"எங்க வீட்டுல கிழமைன்னா வாரம் மாமா."

மாமனார் கவரை வாங்கி இன்னொரு தடவை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். எழுத்து அப்படியேதான் இருந்தது.

பிறகு எழுந்து நடைபாதையில் நடக்க ஆரம்பித்தார். முதலில் நர்ஸிடம் கவரை நீட்டிப் படிக்கச் சொன்னார். அடுத்து மாடிப்படி அருகே இருந்த காவலாளி. தரை துடைக்கும் அம்மாள். பக்கத்து அறைக்காரரின் மச்சான். ரத்தக் குழாய்களை எடுத்துப் போக வந்த பையன்கூடத் தப்பவில்லை. எல்லாரிடமும் ஒரே கேள்விதான். இதைப் பார்த்தால் எப்போது எப்போது மாத்திரை போடுவீர்கள்? காவலாளி இதற்குப் பரிசு உண்டா என்று கேட்டார். தரை துடைக்கும் அம்மாள், எனக்கு மாத்திரை எல்லாம் கிடையாது, வலிக்கும்போது திட்டுவேன், சரியாகிவிடும் என்றாள். ஆனாலும் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். "அஞ்சு பேர். மூணு பேர் தினமும்னு சொல்றாங்க. நர்ஸும் மச்சானும் வாரம்னு சொல்றாங்க. ரெண்டு பேருமே உன்னை மாதிரிதான், வாரத்தைக் கிழமைன்னுதான் சொல்லுவாங்களாம்."

"எழுதினது என் தப்புதான் மாமா."

"படிச்சது நான்."

"கவர் கொடுக்கும்போது, எப்படிப் போடுவீங்கன்னு ஆளையே திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்கணும். எங்க கடையில அதுதான் வழக்கம். எல்லார்கிட்டயும் கேட்பேன். உங்ககிட்ட மட்டும் கேட்கல. மாமனாரை நிக்க வெச்சுப் பாடம் ஒப்பிக்கச் சொல்ற மாதிரி இருந்துச்சு."

மாமனார் கவரை மறுபடி நாலாக மடித்தார். பிறகு, எனக்கும் ஒரு சந்தேகம் வந்தது என்றார். டாக்டர் மூன்று மாசம் கழித்து வாருங்கள் என்று சொல்லியிருந்தாராம். மூன்று மாசத்துக்குப் பன்னிரண்டு மாத்திரை எப்படிப் போதும் என்று மூன்றாம் நாளே தோன்றியதாம். கூப்பிட்டுக் கேட்கலாம் என்று போனைக்கூட எடுத்தாராம். "படிச்ச பொண்ணு எழுதிக் கொடுத்திருக்கு, அதைப் போய்க் குடைஞ்சா உனக்கு என்ன தோணும்னு வெச்சுட்டேன். தீர்ந்தா வாங்கிக்கலாம்னு விட்டுட்டேன்."

அவ்வளவுதான். ஒருவர் மேல் ஒருவர் கோபப்பட முடிந்திருந்தால் அந்த நடைபாதையில் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. மரியாதைதான் குறுக்கே வந்து நின்றிருக்கிறது. அதை யார் மேல் சுமத்துவது?

கவரைக் கொண்டுபோய் டாக்டரிடம் மருமகளே கொடுத்தாள். எழுதினது நான்தான் என்றாள். டாக்டர் படித்துவிட்டு, வாரம், சரியாகத்தானே இருக்கிறது என்றார். பிறகு, மாமனார் அதை நாளுக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்ட விவரத்தை மருமகளிடம் கேட்டார். பேனாவைக் கீழே வைத்தார். கோப்பில் நகல் எடுத்துச் சேர்க்கச் சொன்னார். திட்டுவார் என்று மருமகள் நின்றுகொண்டிருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் திட்டவில்லை. "இதே மாதிரி வேற யாருக்காவது எழுதிக் கொடுத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மருமகளுக்கு அப்போதுதான் அது உறைத்தது.

மூன்று நாள் கையால் எழுதியிருக்கிறாள். எத்தனை கவர்? தினமும் மூன்று வேளை, இரண்டு வேளை என்று எழுதியவை எல்லாம் பிரச்சினை இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை என்று வருகிற மாத்திரைகள் ரொம்பக் குறைவு. ஆனால் குறைவு என்பது ஒன்றுமே இல்லை என்பதாகாது.

கடைக்கார அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா முதலில் அத்தையைப் பற்றி விசாரித்தார். விஷயத்தைக் கேட்டதும், அந்தக் கவரை யார் யார் பார்த்தார்கள் என்றார். எல்லாரும் பார்த்துவிட்டார்கள் அக்கா, காவலாளி முதற்கொண்டு, என்றாள் மருமகள். அக்கா பெருமூச்சு விட்டார். பதிவு நோட்டை எடுக்கிறேன் இரு என்றார்.

இரண்டு மணிக்கு அக்காவே திருப்பிக் கூப்பிட்டார். மூன்று நாள் பக்கங்களையும் வரி வரியாகப் பார்த்தாயிற்று. அதே மாத்திரை இன்னொருவருக்குப் போயிருக்கிறது. அத்தைக்கு வாங்கியதற்கு மறுநாள். பன்னிரண்டு மாத்திரை. வாங்கியவர் பெரிய தெருவில் கடிகாரம் பழுது பார்க்கிறவர்.

அவரை மருமகளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அறுபது வயசு. விரல் மடங்க மாட்டேன் என்கிறது, திருகாணி எல்லாம் கீழே விழுகிறது, தேடவே பாதி நாள் போகிறது என்று சொன்னவர். அவரிடம் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டாளா? கேட்டாள். அவர் கவரைப் பார்த்து, கிழமைக்கு ஒண்ணு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் என்று தெளிவாகத் திருப்பிச் சொன்னார். சரிதான் என்று இவள் தலையாட்டி அனுப்பி வைத்தாள். இருவர் வாயிலும் அதே வார்த்தை. இரண்டு அர்த்தம்.

நோட்டில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. அரை மணிக்கு ஒரு தடவை கூப்பிட்டாள். அக்கா கடையைப் பூட்டிவிட்டுத் தானே பெரிய தெருவுக்கு நடந்து போனார். கடிகாரக் கடை மூன்று நாளாகத் திறக்கவில்லை என்றார்கள். உடம்புக்கு முடியவில்லையாம். வீடு எங்கே என்று பக்கத்துக் கடைக்காரருக்குச் சரியாகத் தெரியவில்லை. பஸ்ஸில் வருகிறவர், அதற்கு மேல் கேட்டதில்லை என்று கையை விரித்தார்.

மூன்றரைக்கு மாமியாருக்கு லேசாகக் காய்ச்சல் என்று நர்ஸ் சொன்னார். எவ்வளவு என்று மாமனார் கேட்டார். நூறு என்றார். நாலரைக்கு நூற்றொன்று. அதற்கு மேல் பார்க்க உள்ளே யாரையும் விடவில்லை. கண்ணாடி வழியாகக் கட்டிலின் கால்மாடு மட்டும் தெரிந்தது. போர்வைக்குள் பாதங்கள் இரண்டும் அசையாமல் இருந்தன. மாமனார் கதவருகே போய் நின்று அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மருமகளும் போய் நின்றாள். ஒரு தடவை வலது பாதம் லேசாக உள்ளே இழுத்துக்கொண்டது.

"அசைஞ்சுது பார்த்தியா," என்றார்.

"பார்த்தேன் மாமா."

அதைத் தவிர அந்த ஒரு மணி நேரத்தில் இருவரும் வேறு எதுவும் பேசவில்லை. பேசினால் ஏதாவது செய்யலாமே என்று தோன்றிவிடும். செய்ய ஒன்றுமில்லை. ஊசி அதன் நேரத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. ரத்தம் எடுத்துப் போயாயிற்று. மருமகளுக்கு இந்த மாத்திரையைப் பற்றிப் படித்ததெல்லாம் வரி மாறாமல் ஞாபகம் வந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒன்றும் தெரியாதவர்களுக்கு நம்பிக்கையாவது இருக்கும்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம். புருஷன் வேலை முடிந்து கிளம்பிவிட்டதாகச் சொல்லி அனுப்பியிருந்தான். மருமகள் எட்டாவது தடவையாகவோ ஒன்பதாவது தடவையாகவோ அந்த நம்பரைப் போட்டாள். வழக்கம்போல மணி அடித்துக்கொண்டே இருந்தது. கட் பண்ணப் போகிற நேரத்தில் யாரோ எடுத்தார்கள்.

"யாரும்மா?"

அவர்தான். ஆனால் சூடாக எதையோ வாயில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல் குரல் கொழகொழத்தது. வாயில் புண் என்று மருமகளுக்குப் புரிந்துவிட்டது.

மருந்துக்கடையிலிருந்து பேசுகிறேன் என்றாள். இத்தனை நேரமாக எடுக்கவில்லையே என்றாள். ஜுரமாகப் படுத்திருந்தேன், மகள் வேலைக்குப் போய்விட்டாள், எழுந்து வர முடியவில்லை என்றார் அவர். அந்த மூட்டு வலி மாத்திரை எத்தனை மிச்சம் இருக்கிறது என்று கேட்டாள்.

"இரும்மா. எண்ணித்தான் சொல்லணும். கண்ணாடி எங்கயோ இருக்கு."

ரிசீவரை மேசையில் வைத்த சத்தம். செருப்பு தேய்கிற சத்தம் மெதுவாக விலகிப் போனது. எங்கேயோ மேசை டிராயர் ஒன்று இழுபட்டது. அந்த வீட்டில் கடிகாரங்கள் நிறைய இருந்தன போலிருக்கிறது. ஒன்றோடு ஒன்று சேராமல் டக்டக்கென்று ஓடிக்கொண்டிருந்தன.

அதே நேரத்தில் கண்ணாடிக் கதவு திறந்தது. டாக்டர் வெளியே வந்தார். கையில் ஒரு தாள். நடைபாதையில் இந்த ஓரத்தில் நின்ற மருமகளைப் பார்த்து, வாருங்கள் என்பதுபோல் தலையசைத்தார். காதில் போனைக் காட்டி, ஒரு நிமிடம் என்று மருமகள் கையைத் தூக்கினாள். லைனை விட்டால் மறுபடி கிடைக்குமா என்று தெரியாது. மாமனார் மட்டும் எழுந்து போனார். டாக்டரின் உதடுகள் அசைந்தன. இருபது அடி தூரம், ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. மாமனார் தாளை வாங்கிப் பார்த்தார். எண்ணை எழுதியிருக்கிறபடியே படித்துப் பழகிய மனுஷர், தாளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒரு கை பின்னால் நாற்காலியைத் தேடியது. நாற்காலி அங்கே இல்லை.

செருப்புச் சத்தம் காதில் திரும்பி வந்தது.

"ரெண்டு இருக்கும்மா."

பன்னிரண்டில் இரண்டு.

"ஐயா, நான் சொல்றதைக் கேளுங்க. இன்னிக்கு ராத்திரி மாத்திரையைப் போடாதீங்க. இனிமே அதைத் தொடவே வேண்டாம். உங்க மகள் நம்பரைக் கொடுங்க. வீட்டு விலாசம் சொல்லுங்க, ஆள் வருவாங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்கு வரணும் நீங்க. ஒரு தப்பு நடந்துபோச்சு."

அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது. மாமனார் தாளைப் பிடித்தபடி அவளை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். முகத்தைப் பார்த்து அவளால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"தப்பா? நம்மகிட்டயா?" என்றார் கடிகாரக்காரர். புண்ணான வாயோடு அவர் அவளைச் சமாதானப்படுத்தினார். "கவர்ல முத்து முத்தா எழுதியிருக்கு. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் போடுறேன். நீ ஏம்மா கலங்குற? நான் ஒரு கிழமைகூட விடல."